இரண்டு நிமிடப் பேய்! திகில் குறும்படத்தின் தொடக்கத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் திட்டமிடலாம்

பொங்கல் விடுமுறைக்குக் கான்சாபுரத்தில் உள்ள அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தேன். வத்திராயிருப்புப் பக்கம் வந்தவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். மேற்கே சுவர் போல மலை, கீழே வயலும் தென்னையும். அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். போனவுடன் என்னிடம் வந்த வேலை கம்ப்யூட்டர் வேலை இல்லை. பேய் வேலை!

அக்கா மகன் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். கல்லூரியில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். திகில் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்து வர வேண்டும். இரண்டு நிமிடத்திற்கு மேல் ஒரு வினாடி கூடக் கூடாது. கையில் இருப்பவை ஒரு மொபைல் போன், ஒரு எல்.இ.டி. டார்ச், மூன்று நண்பர்கள், புதுக் கம்ப்யூட்டர்.

"மாமா, முதல் ஷாட்லயே பேயைக் காட்டிரலாம்ல?" என்று நோட்டை நீட்டினான். இரவு, ஒரு பாழுங்கிணறு, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், திரும்பிப் பார்க்கிறாள், அலறல். மொத்தம் 31 ஷாட்டுகள் எழுதி வைத்திருந்தான்.

"சரி மாப்ள, முதல்ல இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துவோம்" என்றேன். கேமராவைத் தொடுவதற்கு முன் நாங்கள் மூன்று நாட்கள் கம்ப்யூட்டரில் செய்த வேலைதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாணவர் இருக்கலாம். குறும்படம் எடுக்கும் ஆசை உங்களுக்கே இருக்கலாம். இதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேர் எதுவும் இல்லை.

முதலில் கூட்டல் கணக்கு

லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்தோம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதனையே பயன்படுத்தலாம். எண், வினாடி, திரையில் என்ன, காதில் என்ன, இடம், தேவையான பொருள் என ஆறு நெட்டு வரிசைகள் போதும். நோட்டில் இருந்த 31 ஷாட்டுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்து, ஒவ்வொன்றிற்கும் எத்தனை வினாடி என்று அவனையே கேட்டு நிரப்பினோம். வினாடி வரிசையின் கீழே உள்ள செல்லில் கர்சரை வைத்து, சிக்மா குறி உள்ள பட்டனை அழுத்தினால் கூட்டுத் தொகை வந்துவிடும்.

வந்தது 204. அதாவது 3 நிமிடம் 24 வினாடி. பயல் முகம் வாடிவிட்டது. ஆனால் ஷூட்டிங் முடிந்து எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு இந்த உண்மை தெரிந்திருந்தால் இன்னும் வாடியிருக்கும்.

"காதில் என்ன" என்ற வரிசையைக் கவனியுங்கள். நம்மில் பலர் அதனைக் காலியாக விட்டு விடுவோம். அவனும் 31 இடங்களில் "பிஜிஎம்" என்று ஒரே வார்த்தையை எழுதியிருந்தான்! சினிமாவில் வந்த பின்னணி இசையைக் கத்தரித்து ஒட்டும் எண்ணம். அது இன்னொருவரின் காப்புரிமை. யூடியூபில் ஏற்றினால் தானாகவே பிடிபடும். அதைவிடப் பெரிய குறை, பயத்தை நாம் உருவாக்காமல் கடன் வாங்குகிறோம் என்பதுதான்.

பெரியவர்கள் எப்படித் தொடங்கினார்கள்?

அன்று இரவு இரண்டு படங்களின் தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். முதலாவது ஜார்ஜ் ரொமீரோவின் ‘நைட் ஆப் தி லிவிங் டெட்’, 1968 ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைப் படம். குறைந்த செலவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பகுதியில் எடுத்தார்கள். படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்கத் தவறிவிட்டதால், அந்த நாட்டில் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

விஎல்சி பிளேயரில் படத்தை ஓட விட்டு, ஆங்கில ‘ஈ’ எழுத்துக் கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிரேம் மட்டும் நகரும். ஷாட் எங்கே மாறுகிறது என்று எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மறுபடி வழக்கம் போல ஓடும்.

என்ன பார்த்தோம்? யாருமற்ற சாலையில் ஒரு கார் வருகிறது. அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறைக்கு மலர் வளையம் வைக்க வருகிறார்கள். இரவு கூட இல்லை, வெளிச்சம் இருக்கிறது. அண்ணன் தங்கையைக் கேலி செய்கிறான். தூரத்தில் ஒரு ஆள் நடந்து வருகிறார். அவ்வளவுதான். அந்த ஆள்தான் பேய் என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. "மாமா, இவங்க காட்டவே இல்லையே" என்றான். காட்டிவிட்டார்கள், நாம்தான் கவனிக்கவில்லை.

இரண்டாவது நம்மூர்ப் படம். 1954 இல் ஏ.வி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பேய்ப் படம் இல்லை, மர்மப் படம். ஒரு பாட்டு கூட இல்லாமல் அந்தக் காலத்தில் எடுத்தார்கள். சிவாஜி கணேசன் நடித்த ராஜன் படம் தொடங்கியவுடனேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். கதாநாயகனையே முதலில் கொன்றுவிட்டு, சுட்டது யார் என்பதை மட்டும் கையில் வைத்துக் கொள்கிறார்கள். முந்தைய படத்திற்கு நேர் எதிரான வழி போலத் தெரியும். இரண்டிலும் ஒரு விஷயம் பொது. ஒன்றை மட்டும் நம்மிடமிருந்து மறைக்கிறார்கள். அது எது என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். 1999 இல் வந்த ‘பிளேர் விட்ச் புராஜெக்ட்’. காணாமல் போன மூன்று சினிமா மாணவர்கள் எடுத்த வீடியோ கிடைத்திருக்கிறது என்று எழுத்தில் ஓர் அறிவிப்பு, பிறகு சாதாரண வீட்டு வீடியோ. அதில் நடித்தவர்களே கேமராவையும் பிடித்தார்கள். எங்கள் பயலுக்கு இதில் ஒரே சந்தோஷம். "அப்ப போன் போதும் மாமா!" மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜ் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துவிட்டுத்தான் 2012 இல் ‘பீட்சா’ எடுத்தார் என்பது அவனுக்கு என்னை விட நன்றாகவே தெரியும்.

படம் எடுப்பதற்கு முன் படம்

மறுநாள் செய்ததுதான் மிகவும் பயன்பட்ட வேலை. இதனை அனிமேட்டிக் என்பார்கள். ஒவ்வொரு ஷாட்டிற்கும் போனில் ஒரு போட்டோ எடுத்து, அவற்றை வீடியோ எடிட்டரில் வரிசையாக அடுக்கி, குறித்த வினாடிக்கு ஓட விட்டுப் பார்ப்பது. நடிப்பவர் வேண்டாம், ஒப்பனை வேண்டாம். பேய்க்குப் பதில் என் அக்காவே துண்டைப் போர்த்திக் கொண்டு நின்றார்.

ஷாட்கட் என்ற இலவச எடிட்டரைப் பயன்படுத்தினோம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். முதலில் டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் உருவாக்கி, போட்டோ, ஒலி, புராஜெக்ட் பைல் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வையுங்கள். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எடிட்டர் உங்கள் போட்டோவைத் தனக்குள் எடுத்துக் கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக் கொள்கிறது. பின்னர் பைலை வேறு இடத்திற்கு மாற்றினால், காணவில்லை என்று சொல்லிவிடும். பிறகு போட்டோக்களை டைம்லைனில் இழுத்து விடுங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் மவுஸால் பிடித்து இழுத்தால் நேரம் கூடும் அல்லது குறையும்.

ஓட்டிப் பார்த்தோம். 12 ஆவது வினாடியில் பேய் வந்துவிட்டது. அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை! அடுத்தடுத்து அலறல்கள்தான். காகிதத்தில் படித்தபோது தெரியாத குறை, திரையில் ஒரே ஓட்டத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். திரையில் கிணற்றின் போட்டோ இருந்தது. சிறிது நேரம் பார்த்தார்.

"ஏய்யா, இது அந்தக் கிணறுல்ல?"

பல வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடம் படித்த ஒரு பெண் அதில் தவறி விழுந்து இறந்திருக்கிறாள். எனக்கு மறந்தே போயிருந்தது. மருமகனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். "உண்மைச் சம்பவம்னு போட்டா எபெக்ட்டா இருக்கும் மாமா" என்று மெல்லச் சொன்னான். அம்மா அவனைத் திட்டவில்லை. "அவ அம்மா இந்தத் தெருவுலதான்யா இருக்கா. நீ போன்ல அனுப்புவ, அவ மக போன்ல வந்து காட்டும். போன வருசம் கூமாப்பட்டிக்கு வந்த கூட்டத்தைப் பாத்தேல்ல?" என்றார்.

பக்கத்து ஊரான கூமாப்பட்டி 2025 ஜூன் மாதம் ஒரு சிறிய மொபைல் வீடியோவால் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாகி, பிளவக்கல் அணையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அணைக்குக் கூட்டம் வந்தால் பரவாயில்லை. ஒரு வீட்டின் துக்கத்திற்குக் கூட்டம் வந்தால்? கல்லூரிப் பயிற்சிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க இப்போது வழியே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு அருகில், இருட்டில், போன் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடக்கும் பையன்களை நினைத்தாலே எனக்குப் பேயைவிட அதிகப் பயம். மலையடிவாரக் காட்டுக்குப் போகலாம் என்ற அடுத்த யோசனையையும் வேண்டாம் என்றேன். அங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. அது 2021 இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. சரணாலயத்திற்குள் சென்று படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கிணறு போனது, பேயும் போனது

டைம்லைனில் கிணற்றுப் படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டெலிட் செய்தோம். மீதி இருந்தது ஒரு வீடு, ஒரு பையன், ஒரு நாய். மருமகன் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தான். "எனக்கு இப்பவும் ராத்திரியில ஆட்டுரல் சத்தம் கேட்டா தூக்கி வாரிப் போடும். கிரைண்டர் வந்தப்புறம் யாரு அதுல ஆட்டுறா?" என்றார் அம்மா, தன் பாட்டுக்கு.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். படம் கிடைத்துவிட்டது.

புதிய பட்டியல் 11 ஷாட்டுகள், சரியாக 120 வினாடி. மலைக்குப் பின்னால் வெளிச்சம் போன தெரு, 10 வினாடி. திண்ணையில் படுத்திருக்கும் வெள்ளை நாய், 8. உள்ளே ஹெட்போன் மாட்டிக் கொண்டு கம்ப்யூட்டர் முன் பையன், 14. நாய் காதை நிமிர்த்துகிறது, 6. பையன் ஹெட்போனைக் கழற்றுகிறான், எங்கோ ஆட்டுரல் உருளும் சத்தம், 12. மாட்டுகிறான், சத்தம் இல்லை. கழற்றுகிறான், இருக்கிறது, 12. சமையலறையில் கிரைண்டர் அணைந்தே இருக்கிறது, 6. டார்ச்சுடன் புறவாசலை நோக்கி நடக்கிறான், 20. கதவைத் திறக்கிறான், சத்தம் நின்றுவிடுகிறது, 10. ஆட்டுரல் குழியில் அரைத்த ஈர மாவு, 8. பிறகு முழுக் கறுப்பு. ஆட்டுரல் சத்தம் மீண்டும் தொடங்குகிறது, ஆனால் இப்போது வீட்டுக்குள்ளிருந்து. தலைப்பு, 14.

அலறல் ஒன்று கூட இல்லை. அரைத்தது யார் என்பதை மட்டும் மறைத்தோம். கறுப்புத் திரைக்கு 14 வினாடி அதிகம் என்று அவன் வாதாடினான். அனிமேட்டிக்கில் 6 வினாடி வைத்தும் பார்த்தோம், 14 வைத்தும் பார்த்தோம். 14 தான் என்று அவனே ஒப்புக் கொண்டான்.

சத்தத்தைத் தயாரிப்பது

ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு அம்மா ஆட்ட, போனை மடித்த துணி மேல் வைத்துப் பதிவு செய்தோம். பின்னர் எல்லோரும் படுத்த பிறகு வீட்டின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்தோம். அமைதியைப் பதிவு செய்வதா என்று கேட்காதீர்கள். மின்விசிறி, பூச்சி, தூரத்து லாரி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வீட்டின் அமைதி. அதனைக் காட்சிகளுக்கு அடியில் ஓட விட்டால்தான் ஷாட் மாறும்போது ஒலி வெட்டுப்படாமல் இருக்கும்.

ஆடாசிட்டி என்ற இலவசப் புரோகிராமில் பதிவைத் திறந்து, எபெக்ட் மெனுவில் வேகத்தைக் குறைத்தால் குரலும் தடிக்கும். கல்லின் எடை கூடியது போல இருக்கும். அதே மெனுவில் லோ பாஸ் பில்டர் உள்ளது. இது கூர்மையான ஒலிகளை வடிகட்டிவிடும். சுவருக்கு அப்பாலிருந்து வரும் சத்தம் நமக்கு மந்தமாகக் கேட்பதும் இதனால்தான். சுவர் கூர்மையான ஒலியை அதிகம் தடுத்துவிடுகிறது. எனவே அறைக்குள் கேட்கும் இடத்திற்கு 400 ஹெர்ட்ஸ், கதவை நெருங்கும்போது 3000 ஹெர்ட்ஸ் என்று இரண்டு பைல்கள் செய்து கொண்டோம். கதவுக்குப் பக்கத்தில் போகப் போக ஒலி தெளிவதை யாரும் சொல்லாமலே காது புரிந்து கொள்ளும். எபெக்டைப் போடும் முன் அசல் பதிவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திடுங்கள்.

படப்பிடிப்பு நாள்

கால்க் பட்டியலில் டேட்டா மெனு சென்று, சார்ட் தேர்ந்தெடுத்து, இடம் என்ற வரிசைப்படி அடுக்கச் சொன்னோம். தெரு, திண்ணை ஷாட்டுகள் ஒன்றாக மேலே வந்தன. அறைக் காட்சிகள் தனியாக. எண் என்ற வரிசை இருப்பதால், திரும்பக் கதை வரிசைக்குக் கொண்டு வர இன்னொரு சார்ட் போதும்.

வெளிக்காட்சிகளை நள்ளிரவில் எடுக்கவில்லை. முழு இருட்டில் மொபைல் கேமரா புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். கான்சாபுரத்தில் ஒரு வசதி, மேற்கே மலை இருப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும், வானத்தில் வெளிச்சம் மட்டும் வெகு நேரம் நிற்கும். அந்த நேரத்தில் எடுத்து, எடிட்டரில் சற்று இருட்டாக்கினால் இரவு போலவே இருக்கும். உள்ளே டார்ச்சின் கூர்மையான வெளிச்சம் முகத்தில் அடித்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை நான்காக மடித்து டார்ச்சின் மேல் கட்டினோம். ராஜபாளையம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தத் துணிக்குப் பஞ்சமா என்ன?

இன்னொரு முக்கியக் குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல போன்கள் வினாடிக்கு 30 பிரேம் வீதம் எடுப்பதால் டியூப் லைட்டின் கீழ் படம் துடிக்கலாம். 25 பிரேம், ஷட்டர் 50 இல் ஒரு பங்கு என்று வைத்தால் துடிப்பு நின்றுவிடும். போனின் கேமராவில் இந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் உள்ளது. ஆனால் எல்லா ஆண்ட்ராய்ட் போன்களிலும் அது இயங்காது.

நாய் பக்கத்து வீட்டு ராஜபாளையம். 2005 இல் அஞ்சல் துறை இந்த இனத்திற்குத் தபால் தலையே வெளியிட்டிருக்கிறது. அந்தப் பெருமையெல்லாம் நாய்க்குத் தெரிந்திருக்கும் போல, ஒன்பது டேக் வாங்கியது. கேமராவுக்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த பிறகே காது நிமிர்ந்தது.

பைல்களைப் பத்திரப்படுத்துதல்

11 ஷாட், ஒவ்வொன்றும் ஐந்து முறை, முறைக்கு அரை நிமிடம் என்றால் ஏறத்தாழ 28 நிமிட வீடியோ. சாதாரண ஹெச்.டி. பதிவில் நிமிடத்திற்குச் சுமார் 130 எம்பி என்று வைத்தால் மூன்றரை ஜிபி. 4கே என்றால் அதைப் போல மூன்று மடங்கு. போனுக்குப் போன் இது மாறும். ஷூட்டிங்கிற்கு முன்பே போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நண்பன் தன் போனில் எடுத்த ஷாட்டை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிவிட்டான். வந்தது சுருங்கி மங்கிப் போன படம். டாகுமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால் அப்படியே வந்திருக்கும். நல்ல வேளையாக அசல் அவன் போனில் அழியாமல் இருந்தது. யுஎஸ்பி கேபிளில் மாற்றும்போதும் கட் கொடுக்காதீர்கள், காப்பி கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பைலையும் ஓட்டிப் பார்த்த பிறகே போனில் அழியுங்கள். போனில் எடுத்த வீடியோவில் போகப் போக உதட்டசைவும் பேச்சும் விலகினால் பயப்பட வேண்டாம். பிரேம் வேகம் ஒரே சீராகப் பதிவாகாததால் வரும் கோளாறு அது. ஹேண்ட்பிரேக் புரோகிராமில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

எடிட்டிங் எளிதாக முடிந்தது. அனிமேட்டிக் டைம்லைனில் போட்டோ இருந்த இடத்தில் வீடியோவை வைத்தோம், அவ்வளவுதான். தலைப்புக்கு யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்ததை இங்கே ஒட்டினால் பேய்க்கே புரியாத எழுத்து வரும். எக்ஸ்போர்ட்டில் எம்பி4, ஹெச்.264, 25 பிரேம் கொடுத்தோம்.

கல்லூரிக்குக் கொடுக்கப் பென் டிரைவில் முழு போல்டரையும் காப்பி செய்தபோது ஒரு பெரிய பைல் மட்டும் ஏறவில்லை. டிரைவில் இடம் நிறைய இருந்தது. பேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது. அதில் இருந்தவற்றை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு, எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்தவுடன் ஏறிவிட்டது. ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று அக்காவின் பீரோவில். முழுப் படத்தையும் எல்லோருமாகப் போட்டுப் பார்த்த அன்று இரவு, புறவாசல் விளக்கை அணைக்க அம்மா யாரையும் விடவில்லை.